அல்லேலூயா வராத இடம்

சொர்ணம்மாள் அக்காவுக்கு மைக் பிடிக்கத் தெரியும். எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிற பெண்கள் பெரும்பாலும் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொள்வார்கள். மூச்சுச் சத்தம்தான் வரும். சிலர் அழுகிற வேகத்தில் அதை மறந்து இடுப்பளவுக்கு இறக்கிவிடுவார்கள். அக்கா தாடைக்குக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பிடிப்பாள். கீழே குடோனில் பிளாஸ்டிக் அரைக்கிற மிஷின் ஓடினாலும் அவள் குரல் கடைசிப் பாய் வரைக்கும் வந்து சேரும். நான் உட்காருவது கடைசிப் பாயில்தான், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில்.

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்து ஒன்றில், அந்தக் குடோனுக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போனால் எங்கள் சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பேப்பர் கப்பில் டீ கொடுப்பார்கள். எல்லோரும் குடும்பம் குடும்பமாக நின்று குடிப்பார்கள். அக்காவின் சாட்சியைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தவர்கள்கூட அப்போது அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், "ஸ்தோத்திரம்க்கா" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அவள் டீயைக் குடித்து முடித்து, கப்பைக் கசக்காமல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஏணியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்குவாள்.

அவள் வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் எதிரெதிர். நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. அதனால் அவளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அவள் நாங்குநேரிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவர் நெல்லையப்பன் டிராம்பே பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரே மகள் ஷாலினி. ஷாலினி என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுதட்டுமா என்று நான் அவளிடம் கேட்டபோது, "பேர மாத்திடுங்க சித்தி, மத்தது இருக்கட்டும்" என்றாள். அதனால் எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

ஷாலினி ஆறாவது படிக்கும்போது ஒருநாள் காலையில் குழாயடியில் விழுந்தாள். தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். குடங்களுக்கு நடுவே கை கால் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளக் கிடந்தாள். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். யாரோ செருப்பைக் கழற்றி மூக்கருகில் கொண்டுபோனார்கள். "மிர்கி, மிர்கி" என்று வலிப்புக்கான இந்தி வார்த்தையை ஒருத்தி சொல்ல, அது சந்து முழுக்க ஓடியது. அன்றிலிருந்து அந்தக் குழந்தையின் பெயரோடு அதுவும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் விழுந்தாள். பஸ்ஸில் விழுந்தாள். அவளோடு விளையாட வந்த பிள்ளைகளை அம்மாக்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

சயான் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஊருக்குக் கொண்டுபோய்ச் சுடலைமாடனுக்கு நேர்ந்தார்கள். மாத்திரை சாப்பிட்டும் இடையிடையே வந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் யாரோ அக்காவை எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அழைத்து வந்தார்கள். பாஸ்டர் ஞானசிகாமணி அந்தக் குழந்தையின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அன்று அக்கா முழங்காலில் நின்று, என் பிள்ளைக்குச் சுகம் வந்தால் உயிருள்ள மட்டும் போகிற இடத்திலெல்லாம் உம்முடைய நாமத்துக்குச் சாட்சி சொல்வேன் என்று பொருத்தனை பண்ணினாள். டாக்டரும் அந்த மாதம் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு ஷாலினி விழவில்லை.

அக்கா பொட்டை எடுத்தாள். பூவை விட்டாள். வெள்ளைப் புடவை கட்டி ஞானஸ்நானம் எடுத்தாள். நெல்லையப்பன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சபைக்கும் வரவில்லை. ஷாலினி பத்தாவது படிக்கும்போது அவர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். அவருடைய சொந்தக்காரர்கள் அடுத்த சந்தில்தான் இருக்கிறார்கள். ஊர்க் கோயில் கொடைக்கு வரி கேட்டு வீடு வீடாக வருகிறவர்கள் அக்காவின் வாசல் வந்ததும் பேசிக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்கள். வரி கேட்காத வீட்டுக்குக் கல்யாணச் சொல்லும் இல்லை, சடங்குச் சொல்லும் இல்லை. அக்கா அந்த நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தால் தலையைக் குனிந்து வேலையைப் பார்ப்பாள்.

வேலை, தாகா கட்டிங். தைத்து முடிந்த சட்டைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் சின்னக் கட்டரால் வெட்டிவிடுகிற வேலை. மேலப்பாளையத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் நஸீரா, பட்டறையிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவாள்.

"என்னக்கா, இந்த ஞாயித்துக்கிழம எந்த ஊருல கச்சேரி?" என்பாள்.

"கச்சேரி இல்ல நஸீரா, சாட்சி."

"எல்லாம் ஒண்ணுதான். பிரியாணி போடுவாகளா?"

"உப்புமா."

"அப்ப நா வரல."

அக்காவின் சாட்சி அந்த அளவுக்குப் பேர் வாங்கியிருந்தது. செம்பூர், பாண்டுப், நெருள் என்று தமிழ்ச் சபைகள் இருக்கிற இடத்திலிருந்தெல்லாம் பாஸ்டருக்கு போன் வரும். அக்கா பழைய வெள்ளைப் புடவையை நீவி மடித்து வைத்திருப்பாள். நானும் சில இடங்களுக்குத் துணைக்குப் போயிருக்கிறேன். எனக்குப் பேச வராது என்பதால் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கக் கேட்க ஒன்றைக் கவனித்தேன்.

முதல் முதலாக அவள் சாட்சி சொன்னபோது அதில் எல்லாம் இருந்தது. சயான் ஆஸ்பத்திரி வரிசை, மாத்திரையை மாற்றிக் கொடுத்த டாக்டரம்மா, மாத்திரை தின்றால் தூங்கித் தூங்கி விழுந்த பிள்ளை, பிறகு ஜெபம். ஆஸ்பத்திரி வரும் இடத்தில் சபை சும்மா இருந்தது. பாஸ்டர் கை வைத்த இடத்தில் "அல்லேலூயா" என்று கூரைத் தகரம் அதிரச் சொன்னார்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரி கொஞ்சம் சுருங்கியது. அல்லேலூயா வந்த இடம் நீண்டது. குழாயடியில் பிள்ளை விழுந்த காட்சி நீண்டது, நுரை நீண்டது, செருப்பு வந்தது, வெட்டி இழுத்த கையை அக்கா தன் கையால் செய்தும் காட்டினாள். அல்லேலூயா வராத இடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. சில வருஷங்களில் டாக்டரம்மாவும் இல்லை, மாத்திரையும் இல்லை. அக்கா பொய் சொல்லவில்லை. ஒன்றைச் சேர்க்கவும் இல்லை. விட்டுவிட்டாள், அவ்வளவுதான். விட்டது அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஷாலினி முதல் பாயில் உட்கார்ந்திருப்பாள். அம்மா கையை வெட்டிக் காட்டும்போது எல்லோரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். அவள் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருப்பாள். கொஞ்சம் வளர்ந்ததும் பின்னால் என் பக்கம் வந்து உட்கார்ந்தாள். காலேஜ் போனதும் வருவதை நிறுத்தினாள்.

வாஷியில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த கேஷவ் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்காவில் இருந்துவிட்டு நெருளுக்குப் போனவர்கள். கேஷவிடம் தன் உடம்பைப் பற்றிச் சொல்லியிருந்தாள். அவன் அம்மா விஜயலக்ஷ்மியிடம் நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இரண்டு பேரும் வைத்திருந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. அம்மு என்று கூப்பிட்டார்கள். அக்கா பேத்தியைப் பார்க்க நெருளுக்குப் போய்வருவாள். போகும்போது பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு போவாள்; திரும்பி வரும்போது முகம் விரிந்திருக்கும்.

அப்படிப் போன ஒரு தடவைதான், நெருளில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த கூட்டத்தில் சாட்சி சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் ஷாலினி வந்தாள். குழந்தை இல்லாமல், கைப்பையோடு, ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தாள். உள்ளே போய் உட்காரவில்லை. என் வாசல் திரை மெல்லியது. அவர்கள் பேசியது எல்லாம் கேட்டது.

"அம்மா, நெருள்ல என்ன சொன்ன?"

"ஆண்டவர் செஞ்சதச் சொன்னேன்."

"என் பேரச் சொன்னியா?"

"பேரு இல்லாம என்னட்டி சாட்சி?"

"எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற பாயி அங்க உக்காந்திருந்திருக்கா. உன்னய அவளுக்குத் தெரியும். போய் அத்தைகிட்ட சொல்லிட்டா."

அக்கா "ஏசினாளா?" என்று கேட்டாள்.

"ஏசலம்மா. ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும். ரொம்ப அன்பா இருக்காங்க. அம்முவ நான் தனியா குளிப்பாட்டக் கூடாது. பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிறாங்க. கேஸ் கிட்ட போனா, 'நான் பாத்துக்கறேன் கண்ணா'ன்னு கரண்டிய வாங்கிடுறாங்க. ராத்திரி அம்மு அவங்க ரூம்ல."

"உனக்குத்தான் அது வந்து வருஷக்கணக்கு ஆச்சே. எங்க அம்மா கும்புடுத தெய்வம் சுகமாக்கிட்டுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"மாத்திரை சாப்பிடுறேன்மா. இன்னைக்கும் சாப்பிடுறேன். அதச் சொன்னியா அங்க?"

அக்கா சட்டைக்கட்டை இழுத்து நகர்த்தினாள்.

"எனக்காக ஒண்ணு பண்ணும்மா. இனிமே சொல்லாத. எங்கயும் சொல்லாத."

"ஆண்டவருக்குக் குடுத்த வாக்கு அது. எப்படிட்டி நிறுத்த? பொருத்தன பண்ணிட்டு வாய மூடுனா உனக்குத்தாம்ட்டி ஆவாது."

"அது என் உடம்பும்மா. உன் சாட்சி இல்ல."

"நீ ஒரு எடத்துலயும் பேச வேண்டாம்ட்டி. நாந்தான பேசுதேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்." கைப்பையின் ஜிப் சத்தம் கேட்டது. "டீக் ஹை. வர்றேன்."

போனவள் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சபையில் மறுபடியும் எழுந்து சாட்சி சொன்னாள். கடைசியில், இந்தச் சாட்சியினால் என் சொந்த வீட்டிலேயே எனக்குப் பாடு வந்திருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொன்னாள். அன்றைக்கு வந்த அல்லேலூயா அதுவரை அவளுக்கு வராதது.

அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலில் பேச்சுச் சத்தம் குறைந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெருளுக்கு போன் போடுவாள். ஷாலினி எடுப்பாள், எடுக்காமல் இருந்ததில்லை. "பிஸிம்மா, அப்புறம் பேசுறேன்" என்பாள். அக்கா வைத்துவிட்டு, அந்த போனை முந்தானையால் துடைப்பாள். கேஷவ் எப்போதாவது அம்முவின் போட்டோ அனுப்புவான். அதை நஸீராவிடம் கொடுத்துப் பெரிதாக்கித் தரச் சொல்லிப் பார்ப்பாள். பேத்தி நடந்தாள், பல் முளைத்தது, மொட்டை போட்டார்கள். எல்லாம் போனுக்குள்ளேயே நடந்தது. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டு விரித்து உட்காருவது என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடிக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் பேசுவதை மனிதர்கள் முகம் பார்த்துக் கேட்கிற நேரம். அவளுக்கு அது தேவையாக இருந்தது. நான் அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பாஸ்டர், மனசு புதிதாவதைப் பற்றித் தொடர்ந்து சில வாரம் பேசினார். அவர் பெரிய பேச்சாளர் இல்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு மேல் கத்தவும் மாட்டார். "துணிய மாத்துறது சுலபம். பொட்ட எடுக்கறது சுலபம். நெனப்ப மாத்துறதுதான் பாடு" என்றார். "லோக்கல் ட்ரெயின்ல நாம கண்ண மூடிட்டு உக்காந்திருந்தாலும் நம்ம ஸ்டேஷன்ல கரெக்டா எறங்கிடுவோம். பழக்கம். நெனப்பும் அப்படித்தான். எங்க ஏறினாலும் பழகின ஸ்டேஷன்லதான் எறங்கும். ஆண்டவரே, நான் எங்க எறங்குறேன்னு எனக்குக் காட்டும்னு கேளுங்க."

அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் எப்போதோ கடந்துவிட்ட வகுப்பைப் பிள்ளைகளுக்கு நடத்துவதைப் பார்க்கிற மாதிரிதான் அந்தத் தலையாட்டல் இருந்தது.

வருஷாந்திர ஸ்தோத்திரக் கூட்டம் வரப்போகிறது, நீங்கதான் சாட்சி என்று பாஸ்டர் அவளிடம் சொல்லியிருந்தார். மற்ற சபைகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் மாரிசெல்வி வந்தாள்.

பாண்டுப்பிலிருந்து வருவதாகச் சொன்னாள். வீட்டு வேலை செய்கிறவள், இளவயசு. கூட அவள் மகள் தமன்னா. நாலாவது படிக்கிற பிள்ளை. நானும் அக்காவும் வாசலில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, பாண்டுப் சபையில உங்க சாட்சி கேட்டேன். அட்ரஸ் வாங்கிட்டு வந்தேன். இவளுக்கும் அதேதான். உங்க கையால ஒரு ஜெபம் பண்ணணும்."

"உக்காரு மக்கா, உக்காரு." அக்கா சட்டைக்கட்டை நகர்த்தி இடம் விட்டாள். "எப்பருந்து வருது?"

"முன்ன எப்பயாச்சும் ஒண்ணு வரும். இப்ப வாரத்துக்கு வாரம் வருது. உங்க சாட்சி கேட்டதுலருந்து நான் விசுவாசத்துல நிக்கிறேன்க்கா. சோதன ஜாஸ்தியா இருக்கு, ஆனா விடல."

தமன்னா சிரித்தாள். முன்பல் பாதி உடைந்திருந்தது. புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு. இன்னும் சிவப்பு மாறவில்லை. அக்கா அந்தப் பிள்ளையின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"மாத்திர என்ன குடுக்க?"

"மாத்திரையா? அதான் நிறுத்திட்டேனே."

"யாரு நிறுத்தச் சொன்னா?"

மாரிசெல்வி அக்காவை வியப்பாகப் பார்த்தாள். "நீங்கதான்க்கா."

"நா அப்படிச் சொல்லலியே. சொன்னனாட்டி?" என்று அக்கா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த சட்டையைப் பார்த்தேன்.

"நிறுத்துன்னு சொல்லல," என்றாள் மாரிசெல்வி. "ஆனா நீங்க மாத்திரன்னு ஒரு வார்த்த சொல்லலியேக்கா. ஜெபம் பண்ணாங்க, சுகமாச்சுன்னு சொன்னீங்க. நா மாத்திரையும் குடுத்துக்கிட்டு ஜெபமும் பண்ணா அது அரை விசுவாசம் இல்லையா? உங்க மக நிறுத்திட்டாதான?"

அக்கா கட்டரைக் கீழே வைத்தாள். அதை எடுத்து மறுபடியும் கீழே வைத்தாள்.

"இல்ல மக்கா," என்றாள் கடைசியில். "எம்மவ நிறுத்தல."

மாரிசெல்விக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் கோபப்படவில்லை. மகளின் நெற்றித் தழும்பை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அன்று இரவு இருவரையும் அக்கா தன் வீட்டிலேயே படுக்கவைத்தாள். மறுநாள் காலையில் சயான் ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்று, பழைய மாத்திரையை மறுபடியும் ஆரம்பிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, ஸ்டேஷன் வரை போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஜெபமும் பண்ணினாளாம், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, சத்தம் வராமல்.

திரும்பி வந்த பிறகு அவள் இரண்டு மூன்று நாள் வாசலுக்கே வரவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நூல் வெட்டிக்கொண்டே பேசினாள்.

"முழங்கால் போட்டேன்ட்டி. அந்தப் புள்ளைக்காக ஜெபிக்கணும்னுதான் போட்டேன். 'ஆண்டவரே, தமன்னாங்குத புள்ள'ன்னு ஆரம்பிக்கேன், கொஞ்ச நேரத்துல பாத்தா நாளைக்குச் சாட்சியில எத முன்னால சொல்ல, எத பின்னால சொல்லன்னு அடுக்கிக்கிட்டு இருக்கேன். மறுபடி ஆரம்பிக்கேன். மறுபடி அங்கதான் போவுது. பாஸ்டர் சொன்னாருல்லா, பழகின ஸ்டேஷன்னு. எனக்கு அந்த மைக்குதான்ட்டி. இத்தன வருசமா நா ஆண்டவர்ட்ட பேசலட்டி. அவருக்கு முன்னால மண்டி போட்டுக்கிட்டு ஜனங்கள்ட்டதான் பேசிட்டு இருந்திருக்கேன்."

நான் அடுத்த சட்டையை எடுத்துப் பிரித்தேன்.

"எம்மவ கேட்டா, நிறுத்தும்மான்னு. பொருத்தனன்னு சொல்லிட்டேன். அவரு கேட்டாரா அந்தப் பொருத்தனைய? நாந்தான குடுத்தேன். குடுத்ததும் என்னத்த? எம்புள்ளயோட மானத்தத்தான தூக்கிக் குடுத்தேன். என்னுதுன்னு ஒண்ணும் குடுக்கலியே."

கையிலிருந்த சட்டையை முடித்து மடித்து வைத்தாள். பிறகு, "சொல்லலன்னா எவ என்னயக் கேக்கப் போறா? எங்கிட்ட வேற என்ன கத இருக்கு?" என்றாள். அது கேள்விதான். அவள் பதில் எதிர்பார்க்கவில்லை.

ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு நல்ல கூட்டம். ஏணிப்படியிலும் ஆட்கள் நின்றார்கள். பாண்டுப் சபையார் வந்திருந்தார்கள், மாரிசெல்வி வரவில்லை. பாஸ்டர் அவள் பெயரைச் சொன்னதுமே அல்லேலூயா எழுந்தது. அக்கா முன்னால் போய் மைக்கை வாங்கினாள். எப்போதும் போலத் தாடைக்குக் கீழே சாய்த்துப் பிடித்தாள்.

"நா இத்தன நாளும் சொன்ன சாட்சியில ஒண்ண விட்டுட்டேன்," என்றாள். "டாக்டரம்மா குடுத்த மாத்திரைய விட்டுட்டேன். அதையும் ஆண்டவர்தான் குடுத்தாரு. என் பேச்சக் கேட்டு யாராச்சும் புள்ளைக்கு மாத்திரைய நிறுத்தியிருந்தா, இன்னைக்கே போயி ஆரம்பிங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கேன்."

அல்லேலூயா இல்லை. மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. கீழே மிஷின் ஓடியது.

"மத்தபடி அது எம்மவளோட காரியம். சொல்லணும்னா அவ சொல்லணும். நா இனிமே சொல்ல மாட்டேன். எனக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க."

மைக்கைக் கொடுத்துவிட்டாள். நடுப்பாயில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். பாஸ்டர் ஒரு கணம் நின்றுவிட்டு, கீபோர்டு வாசிக்கிறவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். பாட்டுத் தொடங்கியது. அக்கா முதல் பாய்க்குப் போகவில்லை. நடந்து பின்னால் வந்து, செருப்புகளின் பக்கம், என் அருகில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

டீ கொடுக்கும்போது பாஸ்டர் அவளிடம் வந்தார். கப்பைக் கையில் கொடுத்துவிட்டு, "நான் ஒண்ணு கேக்கணும் சிஸ்டர்," என்றார். "அந்த மாத்திரை விஷயம் எனக்கும் தெரியும். நீங்க மொதல்ல சொன்னத நானும் கேட்டேன். அப்புறம் அத விட்டப்ப நான் ஏன் சும்மா இருந்தேன்?" அக்கா, "டீ ஆறுது பாஸ்டர்" என்றாள்.

மற்றவர்கள் அவ்வளவு மென்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. அனல் அணைந்துபோய்விட்டது என்றார்கள். மகளின் பணக்காரச் சம்பந்தத்துக்குப் பயந்து பின்மாறிவிட்டாள் என்றும் பேச்சு வந்தது. செம்பூரிலிருந்தும் நெருளிலிருந்தும் வந்துகொண்டிருந்த அழைப்புகள் நின்றுபோயின. ஞாயிற்றுக்கிழமை "ஸ்தோத்திரம்க்கா" சொல்கிறவர்களும் குறைந்தார்கள். அவள் வரத் தவறவில்லை. கடைசிப் பாயில் உட்கார்ந்து, சாட்சி நேரத்தில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டாள். அதுவரை தன் முறைக்காகக் காத்திருந்தவள், இப்போதுதான் அவற்றைக் கேட்கிறாள் என்று தோன்றியது. ஆராதனை முடிந்ததும் பேசியவர்களிடம் போய், "ஒன் வீட்டுக்காரருக்கு இப்ப கால் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பாள். சிலர் பதில் சொன்னார்கள்.

நஸீரா கட்டுக் கொண்டுவந்தபோது கேட்டாள். "என்னக்கா, இப்பல்லாம் கச்சேரி இல்லையோ?"

"தொண்ட கட்டிட்டு."

நஸீரா இன்னொரு கேலிக்கு வாயெடுத்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவசரமாகப் போக வேண்டியவள்தான். உட்கார்ந்து, ஒரு சட்டையை எடுத்து, நகத்தாலேயே நூலைக் கிள்ளத் தொடங்கினாள்.

சபையில் நடந்ததை அக்கா ஷாலினியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மகள் மனம் இளகியிருக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். "அதையும் ஒரு சாட்சியா ஆக்கவா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தொடர்ந்தது. "பிஸிம்மா" என்பதும் தொடர்ந்தது. ராத்திரி விளக்கணைத்த பிறகு அந்த வீட்டிலிருந்து முன்னெல்லாம் சத்தமான ஜெபம் கேட்கும். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைப்பேன். திரை விலகும்போது பார்த்தால் சுவரைப் பார்த்து முழங்காலில் இருப்பாள், வாய் மூடி.

மழை விட்டபிறகு ஒரு மத்தியானம். குழாயில் தண்ணீர் நின்றுபோன நேரம், சந்தில் நடமாட்டம் இல்லை. அக்கா வாசலில் உட்கார்ந்து போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷாலினி, பிஸியாட்டி? ... இல்ல, ஒண்ணும் இல்ல. ஒண்ணு கேக்கணும்னுதான். வேண்டாம்னா வச்சிரு." கட்டர் நின்றது. "அன்னைக்குக் கொழாயடியில விழுந்தியே மக்கா. மொத தடவ. அப்ப உனக்கு எப்படிட்டி இருந்துச்சு? நா ஒருநாளும் உங்கிட்டக் கேட்டதே இல்ல."

லைன் போய்விட்டதா என்று அக்கா போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் காதில் வைத்துக்கொண்டாள். இப்போது இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கட்டர் மடியிலிருந்து உருண்டு சந்தில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"ம்," என்றாள்.

யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்தைக் கடந்தார். அக்கா காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டு வீடு தள்ளிக் குக்கர் சத்தம் போட்டது. நான் என் வேலை முடிந்து எழுந்தேன். உள்ளே போய் அரிசி களைந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். அவள் அப்படியே இருந்தாள். நடுநடுவே "ம்" என்றாள். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். ஒரு முழு வாக்கியம்கூடப் பேசவில்லை.

ஷாலினி அன்றைக்கு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அக்கா அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.